கட்டியது நிற்க வேண்டும்

மேண்டலின், மெட்டுகள், கால் நூற்றாண்டு வலைப்பணி: ஜெரமி கீத்தின் கதை

அமெரிக்காவின் 'லாங் நவ்' அறக்கட்டளை 'லாங் பெட்ஸ்' என்றொரு தளம் நடத்துகிறது. பல ஆண்டுகள் கழித்து என்ன நடக்கும் என்று கணித்து, பணம் வைத்துப் பந்தயம் கட்டுகிற இடம். யார் ஜெயித்தாலும் பணம் ஏதாவதொரு அறப்பணிக்குத்தான் போகும். 2011 பிப்ரவரி 22 அன்று அங்கே பதிவான கணிப்பு அந்தத் தளத்தைப் பற்றியே பேசியது. இந்தக் கணிப்பு வெளியாகியிருக்கும் இதே இணைய முகவரி, இன்னும் 11 ஆண்டுகளில் இருக்காது என்றது அது.

கணித்தவர் ஜெரமி கீத். இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரை நகரமான பிரைட்டனில் வசிக்கும் வெப் டெவலப்பர். இருக்கும் என்று எதிர்த்துக் கட்டியவர் 'மெட்டாஃபில்டர்' தளத்தைத் தொடங்கிய மேட் ஹாவி. பந்தயத் தொகை 1,000 டாலர். கீத்துக்கு இதில் ஜெயிக்கும் ஆசை துளியும் இல்லை. பக்கங்கள் எவ்வளவு சுலபமாக மறைந்துபோகின்றன என்பதை உலகம் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே கட்டினார். 2022 பிப்ரவரி 22 வந்தது. முகவரியைத் தட்டினால் பக்கம் வந்தது. கீத் தோற்றார், அதில் அவருக்கு முழு சந்தோஷம்.

இணையத்தைக் கட்டியே பிழைக்கிற ஒருவருக்கு அதன் ஆயுள் மேல் இவ்வளவு அவநம்பிக்கை ஏன் வந்தது? ஒரு பக்கம் நிலைத்து நிற்பதற்காக அவர் என்னவெல்லாம் செய்திருக்கிறார்? இந்த இரண்டு கேள்விகளையும் பிடித்துக்கொண்டு போனால் அவருடைய தொழில் வாழ்க்கை முழுவதும் விரிந்துவிடும்.

கீத் வளர்ந்தது அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில், கோவ் என்ற துறைமுக ஊரில். டைட்டானிக் கப்பல் கடைசியாக நங்கூரம் போட்டுப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போன ஊர் அது. 1990-களில் அவர் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத்தில் இசைக்குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். குழுவுக்கு ஒரு வெப்சைட் தேவைப்பட்டது. யாராவது உட்கார்ந்து செய்தாக வேண்டும், அவர் செய்தார். பிறகு அதுவே தொழிலாகிவிட்டது. அந்தத் தலைமுறை வெப் டெவலப்பர்களில் பெரும்பாலோர் வந்த வழி இதுதான். அவர்களுக்குக் கல்லூரிப் பாடம் கிடையாது. பிரவுசரில் 'வியூ சோர்ஸ்' அழுத்தினால் எந்தப் பக்கத்தின் உள்கட்டும் கண்முன் விரியும். அதைப் பார்த்து, எடுத்து, மாற்றிப் போட்டு, உடைந்தால் ஏன் உடைந்தது என்று தேடிக் கற்றார்கள்.

பிறகு பிரைட்டனுக்குக் குடிபெயர்ந்தார். 2005-ல் ஆண்டி பட், ரிச்சர்ட் ரட்டர் என்ற இரு நண்பர்களுடன் சேர்ந்து 'கிளியர்லெஃப்ட்' என்ற வடிவமைப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு, பக்கத்தை இயங்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி பற்றிய அவருடைய முதல் புத்தகம் 'டாம் ஸ்கிரிப்டிங்' வெளிவந்தது.

அந்தப் புத்தகம் வந்த நேரத்தைச் சொல்ல வேண்டும். அப்போது ஜாவாஸ்கிரிப்டுக்கு நல்ல பெயர் இல்லை. திடீர் திடீரென்று எகிறும் பாப்-அப் ஜன்னல்கள், சுட்டியின் பின்னால் ஓடிவரும் நட்சத்திரங்கள் என்று அதன் பெயர் கெட்டுப்போயிருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் 'ஏஜாக்ஸ்' என்ற பெயரைச் சூட்ட, நிலைமை தலைகீழானது. பக்கத்தைப் புதுப்பிக்காமலே சர்வரிடமிருந்து தகவல் வாங்கிக் காட்டலாம் என்றதும் எல்லோருக்கும் அதே பைத்தியம் பிடித்தது. கீத் அந்த நுட்பத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை, எந்த வரிசையில் செய்வது என்பதைச் சொல்லிக்கொடுத்தார். ஒரு தேடல் பெட்டி வைக்கிறீர்களா? முதலில் சாதாரணப் படிவமாக வையுங்கள். பொத்தானை அழுத்தினால் சர்வருக்குப் போய்ப் புதிய பக்கமாக விடை வரட்டும். அது சரியாக ஓடுகிறதா? இப்போது ஜாவாஸ்கிரிப்டைக் கொண்டுவந்து, அதே படிவத்தை இடைமறித்து, விடையை அதே பக்கத்தில் காட்டுங்கள். ஸ்கிரிப்ட் ஓடினால் வேகம். ஓடாவிட்டாலும் விடை உண்டு. இந்த முறைக்கு அவர் 2006-ல் 'ஹைஜாக்ஸ்' என்று பெயர் வைத்தார். இதன் வேர் ஸ்டீவன் சாம்பியன் 2003-ல் பெயர் சூட்டிய 'ப்ரோக்ரஸிவ் என்ஹான்ஸ்மென்ட்'. அடிப்படையை முதலில் கட்டி, மேற்கொண்டு வருவதை அடுக்கடுக்காகச் சேர்க்கும் வழி.

இந்த வரிசைக்குக் காரணம் இணையத்தின் மூன்று மொழிகளும் தவறைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. உள்ளடக்கத்தை எழுதும் எச்டிஎம்எல்லில் பிரவுசருக்குத் தெரியாத டேக் ஒன்று வந்தால், டேகை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் எழுத்தைக் காட்டிவிடும். தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் புரியாத வரி வந்தால் அந்த வரியைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடும். இந்தப் பொறுமையால்தான் 1990-களில் எழுதிய பக்கம் இன்றைய பிரவுசரிலும், இன்று எழுதுகிற பக்கம் பழைய பிரவுசரிலும் ஏதோ ஒரு வகையில் திறக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் அப்படி இல்லை. ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால் அந்த ஸ்கிரிப்ட் மொத்தமும் நின்றுவிடும். ஆகப் பொறுமைசாலியான மொழியில் உள்ளடக்கத்தை வை, கோபக்காரனைக் கடைசியில் சேர் என்பது கீத் திரும்பத் திரும்பச் சொல்லும் பாடம்.

'யார் இந்தக் காலத்தில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்து வைக்கிறார்கள்?' என்று கேட்பவர்கள் உண்டு. 2013-ல் பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு இதை அளந்து பார்த்தது. ஜாவாஸ்கிரிப்ட் போய்ச் சேராதவர்கள் 1.1 சதவீதம். அவர்களில் ஸ்கிரிப்டைத் தாங்களே அணைத்து வைத்திருந்தவர்களும் அது இல்லாத பிரவுசர் வைத்திருந்தவர்களும் 0.2 சதவீதம்தான். மீதி 0.9 சதவீதம் பேருக்கு ஸ்கிரிப்ட் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ரயில் சுரங்கத்துக்குள் போயிருக்கலாம், அலுவலக ஃபயர்வால் தடுத்திருக்கலாம், பாதி வந்து அறுந்திருக்கலாம். அடுத்த ஆண்டே, 2014 ஜனவரியில், பிரிட்டனின் பெரிய இணையச் சேவை நிறுவனம் ஒன்றின் குழந்தைப் பாதுகாப்பு வடிகட்டி, உலகெங்கும் ஏராளமான தளங்கள் நம்பியிருந்த ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு இருக்கும் முகவரியையே தவறுதலாகத் தடுத்துவிட்டது. அந்த வாடிக்கையாளர்களுக்குப் பல தளங்கள் படுத்துவிட்டன. தளத்தைக் கட்டியவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனால் அவர்கள் பக்கம் ஓடவில்லை.

புத்தகங்கள் அடுத்தடுத்து வந்தன. 2007-ல் 'புல்லட்ப்ரூஃப் ஏஜாக்ஸ்', 2010-ல் 'எச்டிஎம்எல்5 ஃபார் வெப் டிசைனர்ஸ்', 2016-ல் 'ரெசிலியன்ட் வெப் டிசைன்', 2018-ல் 'கோயிங் ஆஃப்லைன்'. 2021-ல் கூகுளின் டெவலப்பர் தளத்துக்காக ரெஸ்பான்சிவ் டிசைன் பாடத்திட்டம் ஒன்றையும் எழுதினார். இவற்றில் என்னைக் கேட்டால் 'ரெசிலியன்ட் வெப் டிசைன்' ஒன்றைக் கையில் எடுங்கள் என்பேன். அது நிரல் சொல்லிக்கொடுக்கும் புத்தகம் இல்லை. இணையம் எப்படிப் பிறந்தது, எந்த முடிவுகள் அதை இத்தனை நாள் உயிரோடு வைத்திருக்கின்றன என்பதை வரலாறாகச் சொல்லும் நூல். இலவசமாக இணையத்திலேயே இருக்கிறது. ஒருமுறை திறந்துவிட்டால் பிறகு நெட் இல்லாமலும் படிக்கலாம். புத்தகம் சொல்லும் தத்துவப்படியே புத்தகத்தையும் கட்டியிருக்கிறார்.

ஆனால் கீத்தின் கைவண்ணத்தை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் அலுவலக வேலையை விட்டுவிட்டு அவருடைய ஆசைக்குப் போக வேண்டும். அவர் இசைக்காரர். 'சால்டர் கேன்' என்ற குழுவில் புஸூக்கி என்ற தந்திக் கருவி வாசிக்கிறார். ஐரிஷ் பாரம்பரிய இசைக்கு மேண்டலினைத் தூக்கிக்கொண்டு பப்புக்குப் போகிறார்.

ஐரிஷ் இசையில் 'செஷன்' என்றால் மேடைக் கச்சேரி கிடையாது. ஒரு பப்பின் மூலையில் மேஜையைச் சுற்றி ஃபிடில், புல்லாங்குழல், கான்செர்டினா, மேண்டலின் என்று வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். யார் முன்னாலும் தாள் இருக்காது. ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்குவார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். பெரும்பாலான மெட்டுகள் எட்டு எட்டு தாளக்கட்டுகளாக இரண்டு பகுதி. ஒவ்வொன்றையும் இருமுறை வாசித்தால் 32 கட்டு. மெட்டை இரண்டு மூன்று முறை சுற்றிவிட்டு, நிறுத்தாமல் அடுத்ததற்குத் தாவிவிடுவார்கள். பல மெட்டுகளுக்கு இயற்றியவர் பெயர் தெரியாது. ஒரே மெட்டுக்கு மூன்று நான்கு பெயர் இருக்கும். ஒரே பெயரில் இரண்டு மெட்டு இருக்கும். ஊருக்கு ஊர் சுரங்கள் கொஞ்சம் மாறும். இதைக் காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

இந்த இசையைத் திரட்டி வைக்க வேண்டும் என்ற தவிப்பு பழையது. கார்க் மாவட்டத்தில் 1848-ல் பிறந்து சிகாகோ போலீஸ் தலைவராக உயர்ந்த ஃபிரான்சிஸ் ஓ'நீல், புலம்பெயர்ந்த ஐரிஷ்காரர்களிடமிருந்து மெட்டுகளைக் கேட்டுக் கேட்டுச் சேகரித்தார். அவர் சேகரித்ததைச் சுரக்குறிப்பில் எழுதியவர் அவர் துறையிலேயே இருந்த ஜேம்ஸ் ஓ'நீல். 1903-ல் வந்த அவர்களுடைய தொகுப்பில் 1,850 மெட்டுகள். அதே கார்க் மாவட்டத்துக்காரரான கீத், 1990-களின் கடைசியில் வாரம் ஒரு மெட்டு என்று இணையத்தில் போடத் தொடங்கினார். 2001-ல் அதைத் திருத்திக் கட்டி, யார் வேண்டுமானாலும் மெட்டு சேர்க்கலாம் என்று திறந்துவிட்டார். தளத்தின் பெயர் 'தி செஷன்'. இன்று அங்கே உலகெங்கும் உள்ள இசைக்காரர்கள் சேர்த்த பல்லாயிரம் மெட்டுகள் இருக்கின்றன. எந்த மெட்டு எந்த இசைத்தட்டில் வந்தது, எந்த ஊர் பப்பில் எந்தக் கிழமை செஷன் நடக்கிறது என்பதெல்லாம் கூடவே.

அந்தத் தளத்தின் ஒரு பக்கத்தைப் பொறுமையாகப் பார்த்தால் கீத்தின் தொழில்முறை முழுவதும் அதில் இருக்கிறது. மெட்டைச் சேர்ப்பவர் ஐந்து கோட்டுச் சுரத்தாளைப் படமாக ஏற்றுவதில்லை, எழுத்துகளாகத் தட்டுகிறார். கிறிஸ் வால்ஷா என்ற இசைக்காரர் உருவாக்கிய 'ஏபிசி' குறிப்பு முறை அது. ஏ முதல் ஜி வரை ஏழு சுரம். பெரிய எழுத்தென்றால் கீழ் ஸ்தாயி, சின்ன எழுத்தென்றால் மேல் ஸ்தாயி. எழுத்துக்குப் பின்னால் 2 என்று போட்டால் இருமடங்கு நீளம். செங்குத்துக் கோடு போட்டால் ஒரு தாளக்கட்டு முடிந்தது. மேலே இரண்டு மூன்று வரிகளில் மெட்டின் பெயரும் தாளமும் சுருதியும். நம்மூர்ப் பாட்டு வகுப்பு நோட்டில் ச ரி க ம எழுதி, மேல் ஸ்தாயிக்குத் தலையில் புள்ளி வைத்து, நீட்டலுக்குக் காற்புள்ளி அரைப்புள்ளி போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். முழு மெட்டும் நாலைந்து வரி எழுத்துக்குள் அடங்கிவிடும்.

சர்வர் அனுப்புவது அந்த எழுத்தைத்தான். பிரவுசருக்கு வந்தபின் ஜாவாஸ்கிரிப்ட் அந்த எழுத்தைப் படித்துச் சுரத்தாளாக வரைந்து காட்டுகிறது, வாசித்தும் காட்டுகிறது. ஸ்கிரிப்ட் வரவில்லையா? ஏபிசி எழுத்து அங்கேயே இருக்கிறது. பப்பின் தடித்த சுவருக்குள் சிக்னல் ஒரு கோடு மட்டும் இருக்கும்போது, மெட்டின் முதல் நாலு சுரம் ஞாபகம் வந்தால் போதும் என்று போனைத் திறப்பவருக்கு அதுவே தாராளம். ஒரே மெட்டை வேறு வேறு ஊர்க்காரர்கள் வாசிக்கும் விதங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்க்கலாம். இதுதான் சரி, அது தப்பு என்று தளம் தீர்ப்புச் சொல்வதில்லை. வாய்வழி மரபை வடிவமைப்பாளர் எவ்வளவு ஆழமாகப் புரிந்துவைத்திருக்கிறார் என்பதற்கு இந்த ஒரு முடிவே போதும். இசை தெரியாத ஒருவர் கட்டியிருந்தால் மெட்டுக்கு ஒரு வடிவம் என்று முடித்திருப்பார்.

வெப் டெவலப்பர் வேலைக்கான விளம்பரங்களைப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு ஃபிரேம்வொர்க் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஐந்து ஆண்டு கழித்து அதில் பாதி வேறாகியிருக்கும். அந்தப் பட்டியலை ஓடிப் பிடிப்பதிலேயே இளைஞர்களின் இரவுகள் தீர்ந்துபோகின்றன. அவர்களைக் குறை சொல்ல முடியாது. சம்பளம் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. ஆனால் கீத்தின் திறமைப் பட்டியலில் முதல் வரியில் இருப்பது எச்டிஎம்எல். 2001-ல் அவர் கற்றிருந்தது இன்றும் ஒரு வரி வீணாகாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் சிஎஸ்எஸ்ஸின் புது வசதிகளையும், நெட் இல்லாமலும் பக்கத்தைத் திறக்கவைக்கும் சர்வீஸ் வொர்க்கரையும் அவ்வப்போது சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார். அனுபவம் என்பது இந்தத் தொழிலில் எது மாறும், எது மாறாது என்று பிரித்தறியும் கண் என்று நான் நம்புகிறேன். அந்தக் கண் அவருக்கு இருக்கிறது.

பக்கங்கள் சாவது அவரை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. 2009 அக்டோபரில் யாஹூ நிறுவனம் 'ஜியோசிட்டீஸ்' சேவையை மூடியபோது, லட்சக்கணக்கான சாதாரண மக்கள் முதன்முதலாக எழுதிய பக்கங்கள் ஒரே நாளில் போயின. ஆர்வலர்கள் ஓடி ஓடி நகலெடுத்தது மட்டும் மிஞ்சியது. இந்த இழப்பு தமிழ் இணையத்துக்கும் தெரிந்த வலிதான். நம்முடைய ஆரம்பகாலப் பக்கங்கள் டிஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு எழுத்துருக் குறியேற்றத்தில் எழுதப்பட்டவை. எழுத்துரு கையில் இல்லாவிட்டால் இன்றைக்குத் திறந்தால் குப்பையாகத் தெரியும். அதிலிருந்து தப்பியவை, யாரோ ஒருவர் உட்கார்ந்து மாற்றியதால் தப்பியவை. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம் முன்னெடுத்துத் தொடங்கிய மதுரைத் திட்டம், டிஸ்கியிலிருந்த நூல்களை யூனிகோடுக்குக் கொண்டுவந்ததால் சங்க நூல்களை இன்று போனில் படிக்கிறோம். கீத் ஆங்கிலத்தில் பேசும் விஷயம் நமக்கு அந்நியமானதல்ல.

2019 பிப்ரவரியில் ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வகத்தில் ஒன்பது பேர் ஐந்து நாள் கூடினார்கள். டிம் பெர்னர்ஸ்-லீ இணையத்துக்கான திட்டத்தை 1989 மார்ச்சில் எழுதி முப்பது ஆண்டு ஆகப்போகிறது. 1990-ல் அவர் நெக்ஸ்ட் கணினியில் எழுதிய முதல் பிரவுசர் 'வேர்ல்ட்வைட்வெப்'. அதை இன்றைய பிரவுசருக்குள் ஓடும்படி மறுபடி கட்டுவது அவர்கள் வேலை. கீத் அந்தக் குழுவில் ஒருவர். 2013-லும் இதேபோல, நிக்கோலா பெல்லோ எழுதிய லைன்-மோட் பிரவுசரை மீட்க அங்கே போயிருந்தவர். அவர்கள் கட்டியதை இன்றும் நாம் திறந்து பார்க்கலாம். இணைப்பின்மேல் ஒருமுறை கிளிக் செய்தால் ஒன்றும் நடக்காது. இருமுறை கிளிக் செய்ய வேண்டும். அதைவிட முக்கியம், அந்தப் பிரவுசரில் படிக்கவும் முடியும், அங்கேயே திருத்தி எழுதவும் முடியும். படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரே என்பதுதான் முதல் எண்ணம். பிறகு வந்த பிரவுசர்கள் எழுதும் பாதியை விட்டுவிட்டன.

அந்தப் பாதியைக் கீத் தன்னளவில் விடவில்லை. 2001 முதல் 'அடாக்டியோ' என்ற தன் சொந்தத் தளத்தில் எழுதிவருகிறார். கட்டுரை, சிறு குறிப்பு, படம், படித்ததில் பிடித்தது என்று எதுவானாலும் முதலில் அங்கேதான் வரும். சமூக ஊடகத்துக்குப் போவது அதன் நகல். கேட்கப் பிடித்த ஒலிப்பதிவுகளை எங்கிருந்து வேண்டுமானாலும் சேர்த்து நமக்கென ஒரு பாட்காஸ்ட் ஆக்கிக்கொள்ள 2008-ல் 'ஹஃப்டஃபர்' என்ற தளமும் செய்தார். இவை எதிலும் பெரிய பணம் இல்லை.

பெரிய நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்யவும் முயன்றிருக்கிறார். கூகுள் 2015-ல் கொண்டுவந்த 'ஆம்ப்' திட்டம், மொபைலில் பக்கங்கள் சட்டென்று திறக்க வேண்டும் என்றது. ஆனால் செய்தி நிறுவனத்தின் பக்கம் கூகுளின் சர்வரிலிருந்து, கூகுளின் முகவரியில் திறக்கும் ஏற்பாடு அது. கீத் கடுமையாக விமர்சித்தார். விமர்சித்தவரையே ஆலோசனைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். உள்ளிருந்து திருத்தலாம் என்று அவரும் போனார். 2021-ல் ராஜினாமா செய்தார். பெயருக்குத் திறந்த திட்டமாக இருந்தாலும் முடிவெடுப்பது ஒரே நிறுவனம்தான் என்பது அவர் கண்டது. முகவரி யாருடையது என்ற கேள்வியில் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார்.

தன் தளத்தை மட்டும் தன் பிடிக்குள் வைத்துக்கொள்கிறாரா என்றால், அதுவும் இல்லை. 'தி செஷன்' தளத்தின் மெட்டுகள் அனைத்தையும் யார் வேண்டுமானாலும் மொத்தமாக எடுத்துக்கொள்ளும்படி தரவுக் கோப்புகளாகப் போட்டுவைத்திருக்கிறார். இதனால் எதிர்பாராத விளைவுகள் உண்டு. பாப் ஸ்டர்ம் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் அந்தத் தளத்தின் 23,000-க்கும் மேற்பட்ட ஏபிசி குறிப்புகளைக் கொண்டு 'ஃபோக்-ஆர்என்என்' என்ற நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கினார்கள். அது புதுப் புது மெட்டுகளைக் கட்டித் தள்ளியது. பெரும்பாலானவை சுமார் ரகம். சிலவற்றை ஐரிஷ் இசைக்காரர்கள் எடுத்து, தங்கள் கைப்பாங்குக்குத் திருத்தி வாசிக்க, 2018-ல் ஓர் ஆல்பமே வெளிவந்தது. எழுத்தாக வைத்ததால்தான் இயந்திரம் படிக்க முடிந்தது. படமாக வைத்திருந்தால் அது நடந்திருக்காது.

தரவுக் கோப்புகளை எடுத்துப்போனவர்கள் ஆய்வாளர்கள் மட்டுமல்ல. மெட்டை வாசித்துக் காட்டினால் பெயர் சொல்லும் செயலி செய்தவர்கள், தங்கள் வட்டாரத்துக்குத் தொகுப்பு போடுபவர்கள் என்று பலரிடமும் நகல் இருக்கிறது. 'தி செஷன்' இருக்கும் சர்வர் நாளைக்கே நின்றுபோனாலும், அந்த நகல்களில் ஏதாவது ஒன்றை வைத்து யாரோ ஒருவர் தளத்தைத் திரும்பக் கட்டிவிடலாம். அவருக்குக் கீத்தின் அனுமதிகூடத் தேவைப்படாது.